அம்மாவைத் திட்டிய நான் திருவிருந்துக்குப் போகலாமா?

கேள்வி: ஐயா, எனக்கு வயது 41. திருநெல்வேலிப் பக்கம் ஒரு சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) சபையில் பிறந்து வளர்ந்தவள். திருமணமாகவில்லை. அம்மா பக்கவாதத்தில் விழுந்து மூன்று வருடம் படுக்கையிலேயே இருந்தார்கள். பள்ளிக்கூட வேலைக்கும் போய்க்கொண்டு நான்தான் பார்த்துக்கொண்டேன். ஒரு நாள் ராத்திரி மூன்றாவது முறையாகப் படுக்கை விரிப்பை மாற்றும்போது, "செத்துத் தொலைய மாட்டியா" என்று கத்திவிட்டேன். காலையில் அம்மா ஒன்றுமே நடக்காததுபோல், குழறின வாயால், "சாப்பிட்டியா" என்று கேட்டார்கள். பதில் சொல்லாமல் வேலைக்குப் போய்விட்டேன். பதினோராம் நாள் அம்மா போய்விட்டார்கள். இது நடந்து நான்கு வருடமாகிறது. அன்றிலிருந்து நான் திருவிருந்து (ஆராதனையில் கொடுக்கிற அப்பமும் திராட்சரசமும்) எடுக்கவில்லை. அபாத்திரமாய், அதாவது தகுதியில்லாமல், எடுத்தால் ஆக்கினைத்தீர்ப்பு என்று வேதத்தில் இருக்கிறதே! ஓய்வுநாள் பள்ளி நடத்துகிறேன், கோயில் பெருக்குகிறேன், அசனத்தில் (சபை விருந்தில்) விடியவிடிய வேலை செய்கிறேன். ஆனால் பிரசங்கத்தில் "தேவன் உன்னை நேசிக்கிறார்" என்று சொன்னால், அது பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறவர்களுக்கு என்றுதான் தோன்றுகிறது. அதிகாலை மூன்று மணிக்கு விழிப்பு வந்தால் ஒரே மன்னிப்பு ஜெபத்தை இருபது முப்பது தடவை சொல்கிறேன். இது மன்னிக்கப்படாத பாவமா? — பெயர் வேண்டாம்.

பதில்:

அன்புள்ள சகோதரி,

கடைசிக் கேள்வியை முதலில் முடித்துவிடுகிறேன், ஏனென்றால் அதற்குச் சுருக்கமான பதில் உண்டு. இல்லை, இது அந்தப் பாவம் இல்லை. மன்னிக்கப்படாத பாவத்தைப் பற்றி இயேசு பேசியது யாரிடம் என்று மாற்கு 3-ஆம் அதிகாரத்தில் பாருங்கள். கண்ணெதிரே நோயாளிகள் சுகமாவதைப் பார்த்துவிட்டு, இது பிசாசின் வேலை என்று சொன்ன வேதபாரகரிடம் பேசினார். அவர்களில் ஒருவரும் ராத்திரி மூன்று மணிக்கு எழுந்து உட்கார்ந்து அழுததாக அங்கே எழுதியில்லை.

சரி, இப்போது உங்கள் விஷயத்துக்கு வருவோம்.

"கோபத்தில் வந்த வார்த்தைதானே, விட்டுத்தள்ளுங்கள்" என்று நான் சொல்லப்போவதில்லை. உங்களுக்கு வேண்டியவர்கள் அப்படிச் சொல்லியிருப்பார்கள், உங்களுக்கு அது ஒட்டியிருக்காது. நீங்கள் சொன்னது கொடுமையான வார்த்தைதான். படுக்கையில் கிடக்கிற தாயிடம் சொல்லக்கூடாத வார்த்தை. அதைப் பாவம் என்றே சொல்லுவோம், பெயர் வைத்தால்தான் அதற்கு ஒரு எல்லை கிடைக்கும். ஆனால் கடிதத்தில் நீங்கள் நேரடியாக எழுதாத இன்னொன்றும் இருக்கிறது. 'பதினோராம் நாள்' என்று எண்ணிச் சொல்லியிருக்கிறீர்கள். அந்த எண்ணிக்கையை ஏன் நான்கு வருடமாக மறக்காமல் வைத்திருக்கிறீர்கள்? அந்த வார்த்தை பலித்துவிட்டது என்று உள்ளுக்குள் ஒரு பயம். நம் ஊரில் கருநாக்கு என்பார்கள். அதெல்லாம் மூடநம்பிக்கை என்று ஓய்வுநாள் பள்ளியில் பிள்ளைகளுக்கு நீங்களே சொல்லிக்கொடுத்திருப்பீர்கள். மூன்று மணிக்கு விழிக்கும்போது நீங்களே அதை நம்புகிறீர்கள். மூன்று வருடம் பக்கவாதத்தில் படுத்திருப்பவர்களை நுரையீரல் தொற்று எடுத்துக்கொண்டு போகும், படுக்கைப்புண் எடுத்துக்கொண்டு போகும், இன்னொரு பக்கவாதம் வரும். மகளுடைய வாய்வார்த்தை எடுத்துக்கொண்டு போகாது. செய்த பாவத்துக்கு அழுங்கள். செய்யாத கொலைக்கு நான்கு வருடமாகத் தண்டனை அனுபவிக்க வேண்டாம்.

இனி அந்த 'அபாத்திரமாய்'.

அந்தச் சொல் நம் சபைகளில் எத்தனை பேரைப் பந்தியிலிருந்து தூரமாக நிறுத்தியிருக்கிறது என்று எனக்குத் தெரியும். இருபத்தெட்டு வருடம் சேகர ஆயராக இருந்தேன். அப்பம் கொடுக்கிற நேரம் வந்ததும் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வெளியே போகிறவர்கள், திடீரென்று செருப்பைத் தேடுகிறவர்கள், வேப்பமரத்தடியில் போய் நின்றுகொள்கிறவர்கள் என்று எல்லாரையும் பீடத்திலிருந்து பார்க்க முடியும். எங்களுக்குத் தெரியாது என்று அவர்கள் நினைத்துக்கொள்வார்கள்.

பவுல் அதை எதற்காக எழுதினார் என்று 1 கொரிந்தியர் 11-ஐ 17-ஆம் வசனத்திலிருந்து வாசியுங்கள். நம் ஆட்கள் பெரும்பாலும் 27-இல் ஆரம்பிப்பார்கள், தொல்லையே அங்கேதான் தொடங்குகிறது. கொரிந்து சபையார் ஒரு வீட்டில் கூடி, ஒன்றாகச் சாப்பிட்டு, அதோடு கர்த்தருடைய பந்தியையும் ஆசரித்தார்கள். இல்லாதவர்களுக்கு மீதி வைக்காமல் அவனவன் தன் சாப்பாட்டை முந்திச் சாப்பிட்டான். "ஒருவன் பசியாயிருக்கிறான், ஒருவன் வெறியாயிருக்கிறான்" என்று 21-ஆம் வசனம் சொல்கிறது. இதுதான் பவுலுக்கு வந்த கோபம். 'அபாத்திரமாய்' என்பது அவர்கள் சாப்பிட்ட விதத்தைச் சொல்கிற வார்த்தை. சாப்பிடுகிறவருக்கு எத்தனை மார்க் என்று சொல்கிற வார்த்தை அல்ல. கடைசியில் அவர் சொல்கிற பரிகாரத்தைப் பாருங்கள், 33-ஆம் வசனம்: "ஒருவருக்காக ஒருவர் காத்திருங்கள்". அவ்வளவுதான். தகுதியில்லாதவன் வெளியே போ என்று எங்கும் இல்லை. 28-ஆம் வசனத்தில்கூட, தன்னைத்தானே சோதித்தறிந்து புசிக்கக்கடவன் என்றுதான் இருக்கிறது. சோதித்தறிந்து, வேப்பமரத்தடிக்குப் போகக்கடவன் என்று இல்லை.

நம் தேசத்தில் இந்த வசனத்துக்கு உண்மையிலேயே பயந்திருக்க வேண்டியவர்கள் வேறு ஆட்கள். ஒரே கோயிலுக்குள் சாதி பார்த்துத் தனித்தனியாக உட்கார்ந்து, பாத்திரத்தில் யார் முதலில் வாய் வைப்பது என்று வரிசை போட்டவர்கள் இருந்தார்கள். கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன் 1833-இல் இதையெல்லாம் உடனே நிறுத்தவேண்டும் என்று சுற்றறிக்கை அனுப்பியபோது தஞ்சாவூரிலும் வேப்பேரியிலும் பெரிய கலகமே ஆனது. கொரிந்தியரின் குற்றத்தை அச்சு அசலாகச் செய்தவர்கள் அவர்கள். 'அபாத்திரமாய்' என்ற சொல்லுக்கு அவர்கள் நடுங்கியதாகத் தெரியவில்லை. தூக்கமில்லாமல் தாயைப் பார்த்து, ஒரு ராத்திரி நாக்கு தவறின நீங்கள் நடுங்குகிறீர்கள்.

இன்னொன்று. தமிழில் வாசிக்கிற நமக்குத்தான் இது கண்ணில் படும். "பாத்திரம் அறிந்து பிச்சை இடு, கோத்திரம் அறிந்து பெண்ணைக் கொடு" என்று பழமொழி கேட்டிருப்பீர்கள். வாங்குகிறவன் தகுதியைப் பார்த்துக் கொடு என்று அர்த்தம். பாத்திரம் என்றால் ஏனமும்தான், தகுதியும்தான். பாத்திரன் என்றால் தகுதியுள்ளவன். அந்த 27-ஆம் வசனத்திலேயே ஒரு பக்கம் அபாத்திரம் இருக்கிறது, பக்கத்திலேயே "அவருடைய பாத்திரத்தில் பானம்பண்ணுகிறானோ" என்றும் இருக்கிறது. நீங்கள் முதல் சொல்லையே நான்கு வருடமாக உற்றுப் பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள். பாத்திரம் அவருடையது, சகோதரி. நீங்கள் வீட்டிலிருந்து கொண்டுபோக வேண்டியதில்லை.

லூக்கா 7-இல் ஒரு நூற்றுக்கு அதிபதி, அதாவது நூறு போர்வீரருக்குத் தலைவர், வருகிறார். அவருடைய வேலைக்காரன் சாகக் கிடக்கிறான். ஊர் மூப்பர்கள் இயேசுவிடம் சிபாரிசுக்குப் போய், இவர் பாத்திரமானவர், நமக்கு ஜெபஆலயம் கட்டிக்கொடுத்தவர் என்கிறார்கள். (கோயில் சுவரில் உபயதாரர் கல்வெட்டு பதிக்கிற நம் கமிட்டிக்காரர்கள் பேசுவதுபோலவே இருக்கும்.) அவரோ ஆள் அனுப்பி, நீர் என் வாசலுக்குள் வர நான் பாத்திரன் அல்ல என்று சொல்கிறார். ஊர் கொடுத்த சான்றிதழ் ஒன்று, அவரே தன்னைப் பற்றிச் சொன்னது அதற்கு நேர் எதிர். இயேசு எதைக் கேட்டு ஆச்சரியப்பட்டார் என்பது உங்களுக்குத் தெரியும். கத்தோலிக்கத் திருப்பலியில் அந்த அதிபதியின் வார்த்தைகளைத்தான் நற்கருணை வாங்கப் போகுமுன் எல்லாரும் சேர்ந்து சொல்கிறார்கள். நம்முடைய ஒழுங்கிலும், கிராதிக்கு (பீடத்துக்கு முன்னால் உள்ள தடுப்புக்கு) போகுமுன் முழங்காலில் நின்று ஒரு ஜெபம் சொல்கிறோம் அல்லவா? உம்முடைய பந்தியிலிருந்து விழும் துணிக்கைகளைப் பொறுக்கவும் நாங்கள் பாத்திரர் அல்ல என்று. பேராயர் பக்கத்தில் நின்றாலும் அவரும் சொல்லத்தான் வேண்டும். சொல்லி முடித்ததும் எல்லாரும் என்ன செய்கிறோம்? எழுந்து போகிறோம். அந்த ஜெபத்தைச் சபையிலேயே அதிக உண்மையாகச் சொல்கிறவர் நீங்கள்தான் என்று நினைக்கிறேன். சொல்லிவிட்டு எழுந்து எதிர்ப் பக்கமாகப் போய்விடுகிறீர்கள்.

நான் பார்த்த ஒன்றைச் சொல்கிறேன். அப்பம் கொடுக்கும்போது எங்களுக்கு முகங்கள் தெரியாது. குனிந்துகொண்டே போவதால் கைகள்தான் தெரியும். பீடி சுற்றுகிற பெண்களின் கை, விரல் நுனியெல்லாம் கறை. பனையேறிகளின் கை, உள்ளங்கையில் காய்ப்பு. அன்று காலையில் அரைத்த மஞ்சள் போகாத கை. மோதிரம் போட்ட கை. புதன்கிழமை அண்ணன் தம்பி வழக்கில் எதிர் எதிராக நின்றவர்களின் கைகள் ஞாயிற்றுக்கிழமை பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். ஒரு கைமேல் மறு கையை வைத்து நீட்டுவார்கள். இத்தனை வருடத்தில் அந்தக் கைகளில் எதையாவது வைத்துக்கொண்டு வந்தவர் ஒருவரையும் நான் பார்த்ததில்லை. எல்லாம் வெறுங்கைதான்.

இனி உங்கள் ஊழியத்தைப் பற்றிக் கொஞ்சம் கடினமாகப் பேசவேண்டியிருக்கிறது, மன்னித்துக்கொள்ளுங்கள். ஓய்வுநாள் பள்ளி, கோயில் பெருக்குவது, அசன வேலை, எல்லாம் நல்ல காரியம். ஆனால் நீங்கள் அடுக்கிச் சொன்ன விதத்தில் ஒரு கணக்கு தெரிகிறது. இயேசு சொன்ன கதையில், தகப்பன் சொத்தை அழித்த கெட்ட குமாரன் பன்றிகளுக்கு நடுவே உட்கார்ந்து என்ன பேசவேண்டும் என்று மனப்பாடம் செய்தான். பாவம் செய்தேன், உம்முடைய குமாரன் என்று சொல்லப்பட நான் பாத்திரன் அல்ல (பாருங்கள், இங்கேயும் அதே சொல்), கூலிக்காரரில் ஒருவனாக வைத்துக்கொள்ளும். இதுதான் அவன் தயாரித்த பேச்சு. வீட்டு வாசலில் அவன் சொன்னதை லூக்கா 15:21-இல் பாருங்கள். முதல் இரண்டும் இருக்கிறது, கூலிக்காரன் என்ற வரி இல்லை. அதற்குள் தகப்பன் வேலைக்காரரைக் கூப்பிட்டு வஸ்திரம், மோதிரம், பாதரட்சை என்று ஆரம்பித்துவிட்டார். பாவம் செய்தேன் என்று மகன் சொன்னதை அவர் மறுக்கவில்லை, பாத்திரன் அல்ல என்றதையும் மறுக்கவில்லை. கூலிக்குச் சேர்த்துக்கொள்ளும் என்று சொல்ல மட்டும் விடவில்லை. நீங்கள் நான்கு வருடமாக அந்த வரியை முடித்துவிடப் பார்க்கிறீர்கள். கோயில் பெருக்குகிறேன், ஆகையால் ஒரு ஓரமாக இருந்துகொள்கிறேன் என்கிறீர்கள். அப்படி ஒரு வேலைக்கு அந்த வீட்டில் ஆள் எடுப்பதே இல்லை.

பேதுருவும் வாய்வார்த்தையால் விழுந்தவன்தான். நீங்கள் ஒரு தடவை, அவன் இயேசுவைத் தெரியாது என்று மூன்று தடவை. அதுவும் கரிநெருப்பில் குளிர்காய்ந்துகொண்டே. உயிர்த்தெழுந்த பிறகு இயேசு திபேரியா கடற்கரையில் அவனுக்காகக் காத்திருந்தபோது அங்கேயும் கரிநெருப்பு போட்டிருந்தது, அதன்மேல் மீன் இருந்தது என்று யோவான் எழுதுகிறார். யோவான் சுவிசேஷத்தில் கரிநெருப்பு வருவது இந்த இரண்டு இடத்தில்தான். அந்தப் புகை மூக்கில் ஏறினதும் பேதுருவுக்கு எல்லாம் ஞாபகம் வந்திருக்கும். ஆனால் கேள்வி உடனே வரவில்லை. "வாருங்கள், போஜனம்பண்ணுங்கள்" என்றார். அவர்கள் போஜனம்பண்ணின பின்புதான், "நீ என்னை நேசிக்கிறாயா" என்று கேட்டார். சாப்பாடு முதலில், விசாரணை அப்புறம். நீங்கள் விசாரணையை முடித்துவிட்டுச் சாப்பிடலாம் என்று நினைக்கிறீர்கள். மூன்று மணிக்கு நீங்களே நீதிபதி, நீங்களே வக்கீல், நீங்களே குற்றவாளி. அப்படி ஒரு வழக்கு என்றைக்காவது முடியுமா?

அந்த மூன்று மணி விஷயத்தை ஆலோசகனாகவும் பார்க்கிறேன். ஆயர் வேலையோடு மனநல ஆலோசனையும் படித்தவன் என்ற முறையில் சொல்கிறேன். ஒரே ஜெபத்தை இருபது முப்பது தடவை சொல்லியும் முடித்த திருப்தி வராமல், சரியாகச் சொன்னோமா என்ற சந்தேகத்தில் திரும்பவும் முதலிலிருந்து ஆரம்பிப்பது, பக்தி அதிகமானதால் வருவது இல்லை. மனம் ஒரே இடத்தில் மாட்டிக்கொண்டு சுற்றுகிறது. நல்ல விசுவாசிகளுக்கும் வரும். மார்ட்டின் லூத்தர் துறவியாக இருந்த காலத்தில் மணிக்கணக்கில் பாவ அறிக்கை செய்வார், எழுந்து போன பிறகு இன்னொன்று ஞாபகம் வரும். அவருடைய துறவுச் சபைத் தலைவர் ஸ்டாப்பிட்ஸ் பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, உன்னைப் பார்ப்பதை விட்டுவிட்டுக் கிறிஸ்துவின் காயங்களைப் பார் என்று சொன்னார். இன்றைக்கு நாம் இதை ஓசிடி (ஒரே எண்ணமும் செயலும் விடாமல் திரும்பத் திரும்ப வருகிற மனநோய்) என்று கண்டுபிடித்துச் சிகிச்சை கொடுக்கிறோம், பலர் நன்றாகத் தேறுகிறார்கள். உங்களுக்கு அதுதான் என்று ஒரு கடிதத்தை வைத்து நான் சொல்ல முடியாது. துக்கம் தேங்கியதாலும் மனச்சோர்வாலும்கூட அதிகாலை விழிப்பு வரும். அதனால் ஒரு மனநல மருத்துவரைப் பாருங்கள். அம்மாவுக்கு மருத்துவரிடம் போனது அவிசுவாசம் இல்லை அல்லவா, இதுவும் அப்படித்தான். வாழவே வேண்டாம் என்று எப்போதாவது தோன்றினால் தாமதிக்க வேண்டாம், அரசின் டெலி மானஸ் எண் 14416-ஐக் கூப்பிடுங்கள், இலவசம், எந்த நேரமும் எடுப்பார்கள், தமிழில் பேசலாம். இன்னொரு பக்கம், இன்று ராத்திரியிலிருந்தே ஜெபத்தை ஒரு தடவை சொல்லி ஆமென் போடுங்கள். மறுபடியும் சொல்லத் தோன்றும், உடம்பெல்லாம் பரபரக்கும். அந்தப் பரபரப்போடு கொஞ்ச நேரம் இருந்துகொள்ளுங்கள், அதுவே அடங்கும். எழுந்து விளக்கைப் போட்டு, 1 யோவான் 3:20-ஐ ஒரு தடவை வாசிக்கலாம். நம்முடைய இருதயமே நம்மைக் குற்றவாளி என்று தீர்த்தாலும் தேவன் நம் இருதயத்திலும் பெரியவர் என்று அங்கே இருக்கிறது. உங்கள் இருதயம் குற்றப்படுத்துவதை நிறுத்தின பிறகு என்று யோவான் எழுதவில்லை. அது பேசிக்கொண்டே இருக்கட்டும், தீர்ப்புச் சொல்கிறவர் வேறொருவர்.

எப்போது எனக்கு அந்த அன்பு உணர்வாக வரும் என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் கடிதம் முழுக்க அது இருக்கிறது. எப்போது என்று சொல்ல எனக்குத் தெரியாது. சிலருக்குக் கிராதியில் முழங்காலிட்டதும் கண்ணீர் வரும், சிலருக்கு ஒன்றும் வராது, அப்பம் காய்ந்திருக்கிறது என்றுதான் தோன்றும். காய்ச்சல்காரனுக்குக் கஞ்சி ருசிக்காது, ஆனாலும் கஞ்சி வேலை செய்யும். ருசி வந்த பிறகு குடிக்கிறேன் என்றால் எப்படி?

கடைசியாக, உங்கள் அம்மா. அந்தக் காலைப் பொழுதை உங்கள் குற்றப்பத்திரிகையில் இன்னொரு வரியாக எழுதியிருக்கிறீர்கள், பதில் சொல்லாமல் போய்விட்டேன் என்று. நான் அந்த வரியில்தான் வெகுநேரம் நின்றேன். ராத்திரி அந்த வார்த்தையைக் கேட்டவர்கள் அவர்கள். ஒரு பக்கம் விழுந்த உடம்பு, குழறுகிற வாய். அவர்களுக்கு ஒரு வார்த்தை பேசுவதே வேலை. விடிந்ததும் அந்த வாயால் முதலில் கேட்டது "சாப்பிட்டியா". தமிழ்த் தாய்மார்கள் 'மன்னித்துவிட்டேன்' என்று எங்கே சொல்லியிருக்கிறார்கள்? சண்டை போட்டுவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு படுத்த பிள்ளையிடம் என்ன சொல்வார்கள் என்று உங்களுக்கே தெரியும். நீங்கள் அன்று பதில் சொல்லவில்லை, சரி. அவர்கள் கேட்டது கேட்டதுதான், அதை நீங்கள் ரத்து செய்ய முடியாது.

இனி செய்ய வேண்டியது. திருவிருந்து ஞாயிறுக்கு முன் ஒரு நாள் உங்கள் ஆயரிடம் போங்கள். அவரிடம் தயக்கமாக இருந்தால் ஐயரம்மாவிடமோ (ஆயரின் மனைவியிடமோ), நம்பிக்கையான வயதான ஒருவரிடமோ போங்கள். அந்த ராத்திரி சொன்ன வார்த்தையை அப்படியே, மெருகு போடாமல், ஒரே ஒரு தடவை வாய்விட்டுச் சொல்லுங்கள். கிறிஸ்துவின் பெயரால் உனக்கு மன்னிப்பு உண்டு என்பதை இன்னொருவர் வாயிலிருந்து உங்கள் காதில் கேட்க வேண்டும், நமக்கு நாமே சொல்லிக்கொள்வது நிற்காது. அப்புறம் அதைத் திரும்பத் திரும்பப் பத்துப் பேரிடம் கொண்டுபோக வேண்டாம். ஞாயிறன்று கடைசி பெஞ்சில் வாசலை ஒட்டி உட்காராமல், பெஞ்சின் நடுவில் உட்காருங்கள். இரண்டு பக்கமும் ஆள் இருந்தால் வரிசை எழும்பும்போது வெளியே நழுவ வழியிருக்காது, தானாகவே கிராதிக்குப் போய்விடுவீர்கள். இது தந்திரம்தான், பரவாயில்லை.

அடுத்த அசனத்துக்கு வழக்கம்போல முந்தின ராத்திரி காய் நறுக்கப் போங்கள், அதை நிறுத்தச் சொல்லவில்லை. ஆனால் காலையில் வாளியை வேறு யாரிடமாவது கொடுத்துவிட்டு முதல் பந்தியிலேயே உட்காருங்கள். இலையைத் தண்ணீர் தெளித்துத் துடைத்துவிட்டுக் காத்திருங்கள். சோறும் கறிக்குழம்பும் வரும், விளம்புகிற பையன் உங்களிடம் ஒன்றும் கேட்காமல் போட்டுவிட்டு அடுத்த இலைக்குப் போவான்.

கிறிஸ்துவுக்குள் அன்புடன்,
உங்கள் சகோதரன்